700 கிலோ லேத்தை இருவர் நகர்த்த: சக்கரக் கடப்பாரை செய்வது முதல் மெஷினை இறக்கி வைப்பது வரை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் சிறு பட்டறை நடத்துகிறவர்களில் பலர் இன்னும் பழைய கடைவீடுகளில்தான் இருக்கிறோம். முன்னால் அஞ்சடி எனும் நடைபாதை, அதையொட்டி லொங்காங் எனும் வடிகால், உள்ளே குறுகி நீண்ட கூடம். போர்க்லிப்ட் உள்ளே நுழையாது. மேலே இருப்பது பழைய மர உத்திரம், அதில் செயின் பிளாக்கை (சங்கிலிக் கப்பி) மாட்டி லேத்தை (இரும்பு கடையும் மெஷின்) தூக்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். நான் தீவிலிருந்து அக்கரையில் இருக்கும் மாக் மண்டினுக்குப் பட்டறையை மாற்றியபோது 700 கிலோ லேத் ஒன்றும் அதைவிடக் கனமான மில்லிங் மெஷின் ஒன்றும் இப்படித்தான் மாட்டிக்கொண்டு நின்றன. அவற்றை லோரி வரை கொண்டு வந்தது நானே செய்த ஒரு கருவி. நாங்கள் அதைச் சக்கரக் கடப்பாரை என்கிறோம். நீண்ட கைப்பிடி, நுனியில் ஒரு தடித்த இரும்பு நாக்கு, நாக்குக்குச் சற்றுப் பின்னால் இரண்டு சக்கரம், அவ்வளவுதான்.

செய்முறைக்கு முன் ஒரு விஷயம். இந்த வேலையில் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: மெஷின் தரையை விட்டு இரண்டு விரல் பருமனுக்கு மேல் எழும்பக் கூடாது. 30 மி.மீ. உயரத்திலிருந்து தவறினால் மெஷின் சத்தத்தோடு உட்காரும், 300 மி.மீ. உயரத்திலிருந்து தவறினால் சாயும். சாய்கிற வார்ப்பிரும்பை மனிதக் கையால் நிறுத்த முடியாது. கடையில் விற்கும் சக்கரப் பலகைகளை நான் வாங்காததற்கும் இதுதான் காரணம். அவற்றின் மேல் ஏற்றவே மெஷினை ஒரு சாண் அளவுக்குத் தூக்க வேண்டியிருக்கும். கீழே வரும் ஒவ்வோர் அளவும் இந்த விதியிலிருந்து பிறந்தது.

கணக்கு

நெம்புகோல் கணக்கு நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தில் இருப்பதுதான். சக்கர அச்சிலிருந்து நாக்கு நுனி 90 மி.மீ., அச்சிலிருந்து கைப்பிடி நுனி 1800 மி.மீ. ஒன்றுக்கு இருபது. நாக்கு தரையில் படிந்திருக்கும்போது கைப்பிடி 35 பாகை சாய்வில் மேல் நோக்கி நிற்கும்படி செய்கிறோம். சாய்வாக நிற்பதால் தொடக்கத்தில் முழு இருபது கிடைக்காது, பதினாறு சொச்சம்தான் கிடைக்கும்.

லேத்தில் ஹெட்ஸ்டாக் (வேலைத்துண்டைச் சுழற்றும் தலைப்பகுதி) பக்கம்தான் கனம். மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு அங்கே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 700 கிலோ லேத்தில் அது 470 கிலோ. அதைப் பதினாறால் வகுத்தால் கைப்பிடியில் கொடுக்க வேண்டியது சுமார் 30 கிலோ அழுத்தம். வளர்ந்த ஆள் தன் உடல் எடையைச் சாய்த்தாலே போதும். கைப்பிடி 20 பாகை இறங்கும்போது நாக்கு நுனி ஏறத்தாழ 32 மி.மீ. எழும்புகிறது. நமக்குத் தேவையான உயரமும் அதுதான்.

நாக்கில் ஏற்றக்கூடிய உச்ச சுமையை 500 கிலோ என்று வைத்திருக்கிறேன். அந்தச் சுமையில் 50×50×5 மி.மீ. சதுரக் குழாயில் வரும் தகைவு (ஸ்டிரெஸ்) சாதாரண இரும்பு வளையத் தொடங்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு இடைவெளி எதற்கு என்று கேட்காதீர்கள். வெல்டிங் செய்வது நாம், அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கப்போவதில்லை. இதைவிடக் கனமான மெஷினுக்கு ஒரே கருவியைப் பெரிதாக்காமல், இதே அளவில் இரண்டு செய்து இரு மூலையிலும் ஒன்றாக அழுத்துங்கள்.

தேவையான பொருள்

எல்லாம் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். 50×50×5 சதுரக் குழாய் 2 மீட்டர். நாக்குக்கு 20 மி.மீ. தகட்டில் 90 மி.மீ. அகலம், 95 மி.மீ. நீளம். பக்கத் தகடுகளுக்கு, நாங்கள் கன்னம் என்பது, 12 மி.மீ. தகட்டில் ஏறத்தாழ 200×150 துண்டு இரண்டு. அச்சுக்கு 25 மி.மீ. பிரைட் ஷாஃப்ட் (வழவழப்பான உருட்டுக் கம்பி) 180 மி.மீ. சக்கரத்துக்கு 80 மி.மீ. விட்டமுள்ள உருட்டுக் கம்பியில் 30 மி.மீ. அகலத் துண்டு இரண்டு. பெயரிங் 6205 நான்கு. குறுக்குக் கைப்பிடிக்கு 25 மி.மீ. குழாய் 400 மி.மீ.

பெயரிங் எண் குத்துமதிப்பாகச் சொன்னதல்ல. 6205இன் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. இரண்டை அடுக்கினால் 30 மி.மீ. சக்கரத்தில் இடம் மிச்சமில்லாமல் உட்காரும். சக்கரத்தைக் கடைய வசதி இல்லையென்றால் 25 மி.மீ. துளை போட்டுக் கிரீஸ் தடவினாலும் வேலை நடக்கும், கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பெயரிங்கையே நேராகச் சக்கரமாக வைக்க வேண்டாம். அதன் வெளிவளையம் கெட்டியானது, ஒடுங்கியது, சிமெண்டுத் தரையில் ஒரு சிறு கல் தட்டினாலே நின்றுவிடும்.

நாக்குக்கு லோரி ஸ்பிரிங் பட்டையைப் போடச் சொல்வார்கள். கெட்டியான இரும்பு, கடையில் குவிந்து கிடக்கிறது, ஆசை வரத்தான் செய்யும். போடாதீர்கள். ஸ்பிரிங் எஃகில் கரி அதிகம். முன்சூடு கொடுக்காமல் வெல்டிங் செய்தால் வெல்டிங் தையலை ஒட்டிய பகுதி கண்ணாடி போல உடையும் தன்மைக்குப் போய்விடும். வளைகிற இரும்பு முன்கூட்டியே எச்சரிக்கும், உடைகிற இரும்பு அப்படிச் செய்யாது. மைல்டு ஸ்டீல் எனும் சாதாரண இரும்பே வேண்டும்.

செய்முறை

நாக்கிலிருந்து தொடங்குங்கள். அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும். மேற்பக்கத்தை மட்டும் நுனியிலிருந்து 50 மி.மீ. தூரத்துக்குச் சரிவாகக் கிரைண்டரில் சீவி, நுனியில் 8 மி.மீ. கனம் நிற்கும்படி செய்யுங்கள். அதைவிட மெல்லிதாக்கினால் நுனி மடங்கும். முனைகளின் கூர்மையை அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

அடுத்து கன்னத் தகடுகள். இங்கேதான் என் முதல் கருவி கெட்டது. நாக்கு உறுதியாக இருக்க வேண்டும் என்று அதை அச்சுக்குப் பின்னாலும் 50 மி.மீ. நீட்டி வெல்டிங் செய்திருந்தேன். பார்க்கப் பலமாகத்தான் இருந்தது. கைப்பிடியை அழுத்தியதும் நாக்கின் வால் தரையில் முட்டி, சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழும்பின. தாங்கும் புள்ளி அச்சிலிருந்து வாலுக்குத் தாவிவிட்டதால் சுமைப்பக்கம் 90 மி.மீ. இருந்தது 140 ஆனது. கையில் 30 கிலோவாக இருந்த சுமை ஒரே நொடியில் ஒன்றரை மடங்கைத் தாண்டியது. கைப்பிடி பிடியை மீறி எழுந்து என் தோளில் அடித்தது. தாடைக்கும் அந்த அடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி கூட இல்லை.

ஆகவே நாக்கு அச்சுக்கு நேர் கீழே முடிய வேண்டும். 5 மி.மீ. கூடுதல் பரவாயில்லை, அதற்கு மேல் கூடாது. கன்னத் தகட்டின் அடிவிளிம்பும் அங்கிருந்து குழாயின் சாய்வோடு சேர்ந்து மேலேறிப் போக வேண்டும். முதலில் கெட்டி அட்டையில் முழு அளவில் வரைந்து வெட்டி, அச்சு இருக்கும் இடத்தில் ஒரு ஆணி குத்தி, சுவரோரம் 20 பாகை சுழற்றிப் பாருங்கள். அச்சுக்குக் கீழே 40 மி.மீ. தள்ளித் தரைக்கோடு. எந்த மூலையாவது அந்தக் கோட்டைத் தாண்டினால் அதை வெட்டிவிடுங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைத் தாண்டிப் போக வேண்டாம்.

கன்னத்தின் முன்விளிம்பு அச்சுக்கு 40 மி.மீ. முன்னால், அதாவது சக்கரத்தின் முன்பக்கத்தோடு சமமாக நிற்கட்டும். அப்போது நாக்கில் 50 மி.மீ. மட்டும் வெளியே நீட்டி நிற்கும். மெஷின் அடியில் போவது அந்த 50தான். அச்சுத் துளை 25 மி.மீ., அதன் நடு நாக்கின் மேற்பரப்பிலிருந்து 20 மி.மீ. உயரத்தில். இரண்டு தகட்டையும் ஒன்றாகக் கவ்விப் பிடித்துத் துளையிடுங்கள். தனித்தனியாகப் போட்டால் அச்சு கோணும்.

வெல்டிங் வரிசை முக்கியம். கன்னம் இரண்டையும் 50 மி.மீ. இடைவெளியில் நாக்கின் மேல் நிறுத்தி, அச்சைச் செருகி, மூலைமட்டம் பார்த்துப் புள்ளி வெல்டிங் வையுங்கள். நாக்கின் அகலம் 90 ஆனதால் கன்னத்துக்கு வெளியே இரு பக்கமும் 8 மி.மீ. விளிம்பு கிடைக்கும், 8 மி.மீ. தையல் அங்கே உட்கார அந்த இடம் தேவை. குழாயை வைக்கும் முன்பே கன்னத்தின் உட்பக்கத் தையலை முடித்துவிடுங்கள். குழாய் வந்த பிறகு உள்ளே வெல்டிங் கோல் போகாது. வெளித்தையல் மட்டும் உள்ள நாக்கை நான் நம்ப மாட்டேன்.

கோல் இ7018, 3.2 மி.மீ. தினசரி வேலைக்கு நாம் வைத்திருக்கும் 6013 கைப்பிடிக்கும் குழாய் நுனியை மூடும் தொப்பிக்கும் போதும், நாக்குக்குப் போதாது. ஆனால் 7018 ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய கோல் தையலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கும். உலர்த்தும் அடுப்பில் வைக்காமல் வெளியே கிடக்க அதற்கு அனுமதித்த நேரமே 4 மணி நேரம்தான். பினாங்கு மழைக்காலத்தில் ஒரு வாரமாகத் திறந்து கிடந்த பொட்டலத்தை இதற்கு எடுக்காதீர்கள். புதுப் பொட்டலம் பிரித்து, அன்றே முடியுங்கள்.

பிறகு குழாய். கன்னங்களுக்கு நடுவே குறைந்தது 130 மி.மீ. உள்ளே போகட்டும். கீழ்நுனி அச்சில் முட்டாமல் 5 மி.மீ. விட்டு நிற்கட்டும். குழாயில் எங்கேயும் துளை போட வேண்டாம், அதிக வளைவு விழும் இடம் இதுதான். நாக்கைத் தட்டையான தரையில் வைத்துக் கைப்பிடி நுனியின் உயரத்தை அளந்தால் 1 மீட்டர் 7 செ.மீ. இருக்க வேண்டும், அதுதான் 35 பாகை. சரியாக இருந்தால் சுற்றிலும் வெல்டிங் செய்து, மேல்நுனிக்குத் தொப்பி போட்டு, குறுக்குக் கைப்பிடியை வையுங்கள்.

அச்சைக் கன்னத்தோடு வெல்டிங் செய்துவிடலாம். சுழல்வது சக்கரம்தான். சக்கரம் நாக்கின் விளிம்பில் உரசாமலிருக்கக் கன்னத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே 11 மி.மீ. வளையம் ஒன்று போடுங்கள். சக்கரத்துக்கு வெளியே ஒரு வாஷர், பிளவு ஊசி. பெயின்ட் எங்கே வேண்டுமானாலும் அடியுங்கள், தையலிலும் நாக்கின் மேலும் மட்டும் வேண்டாம். தையல் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், நாக்கு வழுக்கக் கூடாது. முடிந்ததும் கருவி 20 கிலோவை ஒட்டி நிற்கும்.

சோதனை

லேத்தின் கனமான பக்கத்தில், நகர்த்த ஆரம்பிக்கும் முன், 5 மி.மீ. மட்டும் தூக்குங்கள். அடியில் கட்டைகளை நெருக்கமாக அடுக்கிவைத்து, தவறினாலும் 5 மி.மீ.க்கு மேல் விழாதபடி செய்துகொள்ளுங்கள். கைப்பிடி மேலேறாதபடி கயிற்றால் கீழே இழுத்துக் கட்டி, பத்து நிமிடம் விலகி நில்லுங்கள். இறக்கிய பிறகு தையல் மேல் மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்து, சுண்ணாம்புத் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் மேலே பூசி மறைக்காமல் முழுதும் கிரைண்டரில் தோண்டி எடுத்து மறுபடி போடுங்கள்.

கட்டையும் உருளையும்

கருவிக்குச் சமமாக மதிக்க வேண்டியது கட்டைகள். தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான். இங்கேயும் அப்படியே. பழைய சிலிப்பர் கட்டை கிடைத்தால் அறுத்துக்கொள்ளுங்கள், நம் நாட்டில் ரயில் பாதைக்குப் போட்ட கெம்பாஸ் மரம் பிளவுபடாமல் சுமை தாங்கும். 50, 25 மி.மீ. துண்டுகள், அதோடு பிளைவுட்டில் 12, 6 மி.மீ. துண்டுகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது நாலு இருக்கட்டும்.

உருளைக்கு 25 மி.மீ. உருட்டுக் கம்பி ஐந்து. மெஷின் அகலத்தைவிட 200 மி.மீ. நீளம் கூடுதலாக வெட்டுங்கள். வெளியே நீட்டும் நுனிதான் சுத்தியலால் தட்டித் திருப்ப உதவும். தரை மொசைக் அல்லது ஓடு என்றால் 6 மி.மீ. இரும்புத் தகடு விரிக்காமல் தொடங்காதீர்கள்.

நகர்த்தும் நாள்

மின் இணைப்பை வயர்மேன் கழற்றட்டும். லேத்தில் வேலைத்துண்டைக் கவ்வும் ‘சக்’ பகுதியைக் கழற்றி, டெயில்ஸ்டாக்கையும் (எதிர்முனைத் தாங்கி) கேரியேஜையும் (வெட்டுக் கருவியைத் தாங்கி ஓடும் பகுதி) ஹெட்ஸ்டாக்குக்கு எதிர்க்கோடிக்குத் தள்ளிப் பூட்டுங்கள், ஹெட்ஸ்டாக்கின் கனத்துக்குக் கொஞ்சம் எதிர்ச்சுமை கிடைக்கும். மில்லிங் மெஷினில் மேஜையை அடிமட்டத்துக்கு இறக்கி, தலையைத் தலைகீழாகச் சுழற்றிப் பூட்டுங்கள். பிரிட்ஜ்போர்ட் வகை மெஷின் ஏறக்குறைய 950 கிலோ, அதன் மேற்பகுதி கனமானது, தலையைக் கவிழ்த்தாலே சாயும் ஆபத்து நன்றாகக் குறையும்.

நாக்கு தொட வேண்டியது வார்ப்பிரும்பு அடிப்பீடம் மட்டுமே. எண்ணெய்த் தட்டு, லீட்ஸ்குரூ (நீளத் திருகுக் கம்பி), ஷாஃப்ட் தாங்கி எதையும் தொடக் கூடாது. மெஷின் தரையோடு ஒட்டியிருந்தால் சாதாரணக் கடப்பாரையும் இரும்பு ஆப்பும் கொண்டு முதல் 12 மி.மீ. எழுப்புங்கள். அடிப்பீடத்தில் எண்ணெயைத் துடைத்து, நாக்குக்கும் வார்ப்புக்கும் நடுவே 3 மி.மீ. பிளைவுட் கொடுத்து நாக்கைச் செருகுங்கள்.

ஒருவர் அழுத்துகிறார், மற்றவர் கட்டை வைக்கிறார். பேசுவது கட்டை வைப்பவர் மட்டும்தான். “இறக்குண்ணே” என்று அவர் சொன்னால் ஒழிய கைப்பிடி மேலேறக் கூடாது. அழுத்துகிறவர் கைப்பிடிக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அதைக் கால்களுக்கு நடுவே வைத்து நிற்பதோ முகத்தை அதற்கு மேலே நீட்டுவதோ கூடாது. 10 மி.மீ. எழும்பினால் உடனே 6 மி.மீ. துண்டு உள்ளே போக வேண்டும், அடுத்த 10க்கு 12. இப்படித் தூக்கலைக் கட்டை விடாமல் பின்தொடர்ந்தால் மெஷின் எந்த நேரத்திலும் சில மி.மீ.க்கு மேல் விழ இடமே இருக்காது. கட்டையைத் தள்ளுவது குச்சியால், விரலால் அல்ல. ஆள் வைத்து இதைச் செய்தால், 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அவர் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடிப்பீடம் 35 மி.மீ. உயரத்துக்கு வந்ததும் தகட்டின் மேல் உருளையை நுழைத்துக் கட்டையை உருவி, மெதுவாக இறக்குங்கள். மறுபக்கமும் அப்படியே. ஓடும்போது எப்போதும் மூன்று உருளையாவது அடியில் இருக்க வேண்டும். பின்னால் வெளிவருவதை முன்னால் கொண்டுபோய் வையுங்கள். திருப்ப வேண்டிய பக்கத்துக்கு முன் உருளையின் நுனியைச் சுத்தியலால் தட்டிச் சாய்த்தால் மெஷின் தானாகத் திரும்பும். தள்ளும்போது கையை இடுப்புக்குக் கீழே வையுங்கள். மேலே கை வைத்துத் தள்ளினால் நகர்த்துவதற்குப் பதில் சாய்க்கிறீர்கள்.

அஞ்சடியில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மழைநீர் வடிய அது லொங்காங் பக்கம் சரிந்திருக்கும். இருபதுக்கு ஒன்று என்ற சரிவிலேயே 700 கிலோ மெஷின் 35 கிலோ விசையோடு ஓடப் பார்க்கும். உள்ளே கடைத் தூணிலோ தரையில் அடித்த போல்ட்டிலோ லீவர் பிளாக்கை (கைநெம்பால் இழுத்து விடும் சங்கிலிக் கருவி) பூட்டி, பின்னாலிருந்து பிடித்தபடி விரல் விரலாக விடுங்கள். கையால் பிடித்த கயிறு போதாது. லொங்காங் மூடியை எப்போதும் நம்ப வேண்டாம், எத்தனை ஆண்டுப் பழையது என்று வெளியிலிருந்து தெரியாது. இரண்டு கரைச் சுவரிலும் சுமை இறங்கும்படி சி-சேனல் (சி வடிவ இரும்புச் சட்டம்) இரண்டைக் குறுக்கே போட்டு, அதன் மேல் தடித்த தகடு விரித்து, அதற்கு மேல்தான் உருளை. நாங்கள் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தோம். பிற்பகல் மழையில் நனைந்த தகட்டில் உருளை வழுக்கும்.

லோரி டெயில்கேட்டின் (பின்பக்கத் தூக்குப் பலகை) ஏற்றும் அளவை அதன் தகட்டில் படித்த பிறகே ஏற்றுங்கள். லோரியில் ஏறியதும் உருளைகளை எடுத்துவிட்டு மெஷினைக் கட்டையில் உட்காரவைத்து நாலு பக்கமும் பெல்ட் போடுங்கள். உருளையோடு பாலம் ஏறக் கூடாது.

புது இடத்தில் எல்லாம் தலைகீழ் வரிசை, 12ஐ எடுத்து 6 வை, 6ஐ எடு. தரையில் போல்ட் துளைக்கு நேராக மெஷின் வந்து நிற்காது, நாலைந்து மி.மீ. தள்ளித்தான் நிற்கும். அப்போது நாக்கைச் செருகி, 3 மி.மீ. மட்டும் எழுப்பிப் பிடித்தபடி, இன்னொருவர் குறுக்குக் கைப்பிடியில் கை சேர்த்து முன்னோ பின்னோ தள்ளினால் அந்த மூலை மட்டும் வேண்டிய அளவு நகரும். எங்கள் லேத்தின் நாலாவது போல்ட் அப்படித்தான் துளையில் இறங்கியது. முழுதும் இறுக்காமல், மட்டம் பார்த்து, ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி மட்டம் பார்த்து இறுக்கினோம்.